குழாயடியில் பவுனம்மாள்

ராயபுரத்தில் மீன்கூடை தூக்கும் பவுனம்மாளுக்கு வாய் நீளம் என்பார்கள். நீளமாக இல்லாவிட்டால் கடற்கரை ஏலத்தில் நல்ல வஞ்சிரத்தை எவன் கொடுப்பான்? புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அந்த வாயை வைத்துத்தான் இரண்டு பெண்களை வளர்த்தாள். நேற்றைய மீனை இன்று விற்றதாக ஒருத்தரும் அவளைச் சொன்னதில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம் குப்பத்தில் அவள் குடிசை எரிந்துபோனது. அலையாய் அலைந்து சீனியம்மாள் வீட்டுப் பின்கட்டைப் பிடித்தாள். சீனியம்மாள் திருநெல்வேலிப் பக்கம். புருஷன் ராசையாவுக்கு மளிகைக் கடை. எல்லாக் குடித்தனத்துக்கும் முற்றத்தில் ஒரே குழாய்.

தை பிறந்ததும் அந்தத் தண்ணீர் நாறத் தொடங்கியது. காப்பியில் நாற்றம், கஞ்சியில் நாற்றம். பழி எங்கே போகும்? மீன்காரி தலையில்தான். முதலில் அவள் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள்; அப்புறம் குழாயையே தொடாதே என்றார்கள். ரோஷக்காரி, தெருமுனை அடிபம்பிலிருந்து சுமந்தாள். நாற்றமோ போன பாடில்லை.

"ஒன் கை வாடை குழாய்க்குள்ள ஊறிட்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணு" என்றாள் சீனியம்மாள்.

 பெண்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி எங்கே அலைவது? ஆனால் அழுதுகொண்டு உட்காரும் ஜாதியா பவுனம்மாள்? நேரே போய்க் குனிந்து குழாயின் வாயை மோந்தாள்.

அங்கே மஞ்சள் துணி கட்டியிருந்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றைக் கும்பிட்டு வளர்ந்த சீனியம்மாள், இங்கே குழாயையே ஆறாக நினைத்து, மஞ்சளில் நனைத்த துணியை நாலாக மடித்துக் கட்டியிருந்தாள். தெய்வத்துக்குக் கட்டியதை அவிழ்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஆடியிலிருந்து அத்தனை தண்ணீரும் அதன் வழியாகத்தான் இறங்கியது.

பவுனம்மாள் கூச்சல் போடவில்லை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு நிறுத்தினாள். "கோயில்ல அம்மனுக்கே சேல மாத்துறாங்க, வூட்டுக்காரம்மா. இந்த ஆத்தாவ மட்டும் ஆடியில கட்டின துணியோட நிக்க வுட்டுட்டீங்களே, நாயமா?"

சீனியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு தானே முடிச்சை அவிழ்த்தாள். உள்மடிப்பு முழுக்கக் கறுத்த பாசி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீரில் ஒரு வாடையும் இல்லை.

வெள்ளிக்கிழமை என்று சொன்னதைப் பற்றி வீட்டுக்காரி ஏதோ இழுத்தாள்.

"வெள்ளிக்கெயம நான் இங்கதான் கீறேன்" என்றாள் பவுனம்மாள்.

மறுநாள் விடியலில் அவள் குடம் குழாயடியில் முதலாவதாக நின்றது. அடுத்து வந்த சீனியம்மாள் தன் குடத்தை அதற்குப் பின்னால் வைத்தாள்.