நாலு விரல் தண்ணீர்

காலை 6.10, பூதலூர். ரயிலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான்கு நாள் ஊரில் இருக்கமாட்டேன் என்பதால், விடிந்ததும் வயலுக்குப் போய் மடையை முழுக்கத் திறந்துவிட்டு ஓடி வந்திருந்தேன். கல்லணைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர் கிளம்பினால் செய்கிற காரியம்தான் இது. வீட்டைப் பூட்டுவது மாதிரி வயலை நிரப்பிவிடுவோம்.

பொறையாற்றுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை கமலாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை துபாய்க்குப் போனதிலிருந்து குத்தகை நிலத்தை அவளே பார்க்கிறாள். ஆவணி முடியப்போகிறது, வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை, ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் என்று தபால் கார்டு போட்டிருந்தாள்.

காலை 11.00, மாயவரம். பூதலூரிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். வழியெல்லாம் கண் கூசும் பச்சை. இங்கே தரங்கம்பாடி வண்டிக்கு மாறினேன். எதிரே உட்கார்ந்திருந்த ஜவுளி வியாபாரி பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பச்சைய இப்பவே நல்லாப் பாத்துக்கிங்க. ஆக்கூர் தாண்டினா கெடயாது."

"அவ்வளவு மோசமா?"

"நெல்லு வெளஞ்சாத்தானே எனக்குத் தீபாவளி யாவாரம்? தண்ணிய மேல உள்ளவங்க விட்டாத்தானே கீழ வரும்."

என் வயல் பச்சை எப்படி இருக்கும் தெரியுமா என்று அதுவரை அளந்துகொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னபடியே ஆக்கூருக்குப் பிறகு பூமி வெளுத்துவிட்டது. ஒரு ஸ்டேஷன் சுவரில் கறுப்பு சிவப்புக் கொடி. எதிர்ச் சுவரில் செங்கொடி. நடுவில் ஒரு போலீஸ் வேன். நடவுக் கூலித் தகராறாம். நடவே இல்லாத ஊரில் நடவுக் கூலித் தகராறு எப்படி என்று கேட்டேன். "போன வருஷத்துதுங்க, இன்னும் தீரல" என்றார் பாய்.

பிற்பகல் 1.30. பொறையாற்றில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். கமலா கறுத்து இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, நம்ம வாய்க்கால் சத்தம் இப்பவும் வாசல்வரைக்கும் கேக்குதா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

கேட்கிறது என்றேன்.

கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து நாற்றங்காலைக் காப்பாற்றி வைத்திருந்தாள். கிணறு அதற்குத்தான் காணும். இன்னும் ஆழம் தோண்டினால் உப்பு. கடல் இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில் பயிருக்கு ஒரு சொட்டு இல்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் பத்து நாள்தாண்ணே தாங்கும். இந்தப் போகம் தரிசாப் போட்டா, நான் குத்தகைய விட்டுட்டதா எழுதிடுவேன்னு நிலக்காரரோட காரியக்காரர் சொல்லிட்டாரு."

மாலை 5.00. வயலுக்குக் கூட்டிப் போனாள். வெடித்துக் கிடந்த வயலைச் சுற்றி வரப்பு மட்டும் வழவழவென்று இருந்தது. அவள் குனிந்து குனிந்து நண்டு வளைகளைத் தேடி, களிமண்ணைப் பிசைந்து அடைத்தாள்.

"தண்ணியே இல்ல, எதுக்கும்மா இப்ப?"

"வந்தப்புறம் அடைச்சா பாதி வடிகாலுக்குப் போயிடும்ணே. எனக்கு நெரப்பி வைக்க வேணாம். காய்ச்சலும் பாய்ச்சலுமா, மண்ணு காயக் காய விட்டாப் போதும், நாலு விரல் நின்னா வெள்ளாமை எடுத்துடுவேன்."

நானும் ஒரு வளையை அடைத்தேன். அவள் அதைக் கட்டைவிரலால் அழுத்த, மண் அப்படியே உள்ளே விழுந்தது. சிரித்துக்கொண்டே தானே அடைத்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்:

"நம்ம வயல்ல இப்ப எவ்வளவு நிக்குது?"

"நாலு விரல்" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சின்னப் பொய் இவ்வளவு கனத்ததில்லை.

நான்கு நாள் தங்க வந்தவன் மறுநாள் காலையே கிளம்பிவிட்டேன். கமலா ஸ்டேஷன்வரை வந்தாள். வண்டி நகர்ந்தபோது, வாய்க்கால் சத்தம் கேட்கும் அந்த வாசலுக்கு இவளையும் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அவள் கேட்டது தண்ணீர், வீடு இல்லை.

மாலை 4.00, பூதலூர். வீட்டுக்குக்கூடப் போகாமல் வயலுக்குப் போனேன். முழங்காலுக்குத் தண்ணீர். வரப்பில் எத்தனை நண்டு வளையோ, அத்தனை வழியாகவும் கொட்டி வடிகாலில் வீணாய் ஓடிக்கொண்டிருந்தது. மடையை அடைத்தேன், கண்ணில் பட்ட வளைகளையும் களிமண்ணால் அடைத்தேன். அடுத்த வயல்காரரிடமும் போய்க் கேட்டேன். "நீ ஒருத்தன் அடைச்சா தரங்கம்பாடி போயிடுமாய்யா?" என்றார். போகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் விடாமல் பேசி, அவர் மடையைப் பாதி அடைக்கவைத்தேன்.

மூன்றாம் நாள் கையை வைத்து அளந்தேன். கமலாவுக்குக் கார்டு எழுதினேன்: "அன்று சொன்னது பொய். இன்றைக்கு நாலு விரல்."

எட்டாம் நாள் அவள் பதில் வந்தது.

"நேற்று வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நடவு ஆரம்பித்துவிட்டோம். பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும் அண்ணா. நண்டு வளை அடைக்கத் தெரியாதவர் வயலில் நாலு விரல் எப்படி நிற்கும்?"

கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரப்புக்குப் போனேன். அன்று அடைத்த வளைகளில் மூன்று மறுபடியும் ஒழுகிக்கொண்டிருந்தன. உட்கார்ந்து களிமண்ணைப் பிசைய ஆரம்பித்தேன்.