கல்யாண ஓலையைக் கெடுத்தவள்

எங்கள் சபை அலுவலகக் கணினியின் தட்டச்சு அமைப்பைத் தினமும் மாற்றி வைத்தது நான்தான்!

ஆம், நான். ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்து உருக்கமாகப் பாடுகிறவள். இரணியல் பக்கத்துச் சபையொன்றில் வெகுகாலமாகத் தட்டச்சு செய்கிறவள். தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவள் என்ற கர்வத்தை இன்றும் இறக்கி வைக்காதவள்.

அங்கே ஜெனிஷாவைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தார்கள். இருப்பது ஒரே கணினி. காலையில் நான், மதியத்துக்குமேல் அவள். நான் பழைய தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து வரிசையில் அடிப்பேன். அவளோ ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று அடிப்பாள், திரையில் தமிழில் வந்து நிற்கும். அவள் வேகத்தைச் சபைச் செயலாளர் என் முன்னாலேயே மெச்சினார். எனக்கு வயிறு எரிந்தது... உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

முதல் முறை மறதிதான், நம்புங்கள். என் வரிசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். குடையை எடுக்கத் திரும்பி வந்தால், அவள் அடிக்க அடிக்கத் திரையில் கன்னாபின்னாவென்று எழுத்துகள். பின்னால் செயலாளர் நின்றிருந்தார். அவள் முகம் வெளிறிப்போனது. எனக்குள்ளே குளுகுளுவென்று இருந்தது. சீ, என்ன மனசு!

மறுநாளிலிருந்து வேண்டுமென்றே செய்தேன். பாவம், அந்தப் பெண் என்னவெல்லாம் செய்து பார்த்தாள்! வைரஸ் தேடினாள். புதிதாக வந்த அப்டேட்டை நீக்கினாள். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். போகும்போது அமைப்பைப் போனில் படமெடுத்து, மறுநாள் வந்து ஒப்பிட்டாள். ஒருநாள் என்னிடமே கேட்டாள்.

"அக்கா, நீங்க எதையாவது மாத்தினியளா?"

"எனக்குத் தட்ட மட்டும்தான் தெரியும் மக்கா. செட்டிங் கிட்டிங் எல்லாம் ஆரு கண்டா?"

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்...

ஒரு சனிக்கிழமை அவளுடைய எழுத்துருவையே நீக்கிவிட்டேன். மறுநாள் ஆராதனையில் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலைகளை, அதாவது திருமண அறிவிப்புகளை, வெள்ளிக்கிழமையே அடித்து வைத்திருந்தாள். திறந்தால் எல்லாம் அலங்கோலம். அவசர அவசரமாக மறுபடி அடித்ததில் ஒரு மணப்பெண்ணுக்கு வேறொருத்தியின் அப்பா பெயர் விழுந்துவிட்டது. போதகர் அதை அப்படியே வாசித்தார். பெற்ற தகப்பன் ஆலயத்துக்குள்ளேயே எழுந்து நின்றுவிட்டார்.

அவளை நிறுத்திவிடலாம் என்றார் செயலாளர். அவள் வீட்டில் அப்போது சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அதுவும் எனக்குத் தெரியும். வாய் திறந்தேனா? இல்லை.

அவள் அழவில்லை. திங்கட்கிழமை முன்னதாகவே வந்து, கணினியில் எங்கள் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு உருவாக்கினாள். என் கணக்கில் என் எழுத்து வரிசை, என் கண்ணுக்கு ஏற்ற பெரிய எழுத்து. பிறகு சபைக் குழுவிடம் போய், ஒரே கணக்கில் இரண்டு பேர் இரண்டு விதமாக அடித்ததால் வந்த குழப்பம் இது, இனி வராது என்று விளக்கினாள். கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம் என்று குழு இறங்கி வந்தது.

அதோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று அவள் தன் கடவுச்சொல்லை என்னிடமே சொன்னாள்.

"நான் வராத்த அன்னைக்கு வேலை நிக்கப்பிடாதுல்லாக்கா. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

செய்தது நான் என்று தெரிந்துதான் கொடுத்தாளா? தெரியாமலா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவள் கணக்கை நான் திறந்ததே இல்லை. கணினி இப்போது சொன்னபடி கேட்கிறது, அவளும் பழையபடி சிரிக்கிறாள். ஆனால் ஓலைப் பிழை இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸும் முடிந்துவிட்டது; அடுத்த வாரம் கூடுகிற குழு அதை வைத்துத்தான் அவள் வேலையை முடிவு செய்யும்.

மதியம் அவள் வருமுன் நழுவிவிடுவது என் வழக்கம். நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்துக் கொஞ்சம் தாமதித்தேன். இன்னும் போகவில்லையா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பேருந்தில் வரும் வழியெல்லாம் என்னையே ஏசிக்கொண்டேன்.

அவள் மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் அவள் வேலையைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. செயலாளரையும் இன்று மதியம் வரச் சொல்லியிருக்கிறேன். வெளியே கேட் திறக்கும் சத்தம்... என் பை இன்னும் மேசைக்கு அடியிலேயே இருக்கிறது.