அடுத்த காணிப் பாத்தீனியம்

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் மிளகாய்த் தோட்டம் செய்யும் சுவர்ணாவுக்குப் பாத்தீனியக் களையைப் பிடுங்கிப் பிடுங்கியே கையெல்லாம் சொறி. காற்றில் காபனீரொட்சைட்டு எனும் கரியமில வாயு கூடக்கூட, மிளகாயைவிட அந்தக் களைதான் வேகமாகச் செழிக்கிறது என்றார் விவசாயப் போதனாசிரியர். பூக்குமுன் பிடுங்கினால்தான் தப்பலாமாம்.

பக்கத்துத் தரிசுக் காணியில் அது இடுப்பளவு நின்றது. கொழும்பிலிருந்த காணிச் சொந்தக்காரர் எத்தனை முறை சொல்லியும் அசையவில்லை. சுவர்ணா வேலிக்குள்ளால் நுழைந்து பிடுங்கத் தொடங்கினாள். யாரோ சொல்லிவிட, அவர் போனில் சீறினார்.

"ஆரைக் கேட்டு என்ரை காணிக்குள்ளை போனனி?"

"உங்கடை களைப்பூண்டு ஆரைக் கேட்டு என்ரை தோட்டத்துக்குள்ளை வந்தது? பொலிசிலை சொல்லுங்கோ. அவையள் வர முந்தி நான் முடிச்சிடுவன்."

பொலிஸ் வரவில்லை. அந்தப் போகம் மிளகாய் தப்பியது. அடுத்த மழைக்குக் களை மறுபடி முளைத்தபோது, அயல் பெண்கள் நாலைந்து பேரும் அவளோடு அந்தக் காணிக்குள் பிடுங்க இறங்கினார்கள்.