கடலில் உயர்ந்த கை

ஒன்பதாவதோடு படிப்பை விட்ட பிறகு நான் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. போர்வெல் வண்டி, திருப்பூர் பனியன் கம்பெனி, ஆந்திராவில் முறுக்குக் கடை என்று சுற்றிவிட்டு, மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே இரண்டு கூட்டாளிகள் கிடைத்தார்கள். வாடிப்பட்டிக்காரன் என்னோடு மெஷினில் நிற்பவன். பேரையூர்க்காரன் சரக்கு வேன் ஓட்டுபவன். ஊரைச் சொல்லித்தான் எங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்வோம்.

மெஷின் பழுதாகி ஒருநாள் லீவு விட்டார்கள். வாடிப்பட்டிக்காரன் தன் மச்சானின் காரைக் கேட்டு வாங்கி வந்தான். அருப்புக்கோட்டை வழியாகப் போய், சாயல்குடி தாண்டி ஒரு மீனவர் ஊரின் ஓரத்தில் கடலைப் பிடித்தோம். பேரையூர்க்காரன் அதுவரை கடலில் இறங்கியதே இல்லை. இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தான்.

“இம்புட்டுத் தண்ணி இங்க சும்மா கெடக்கு. நம்ம ஊர்ல ஆயிரம் அடிக்குப் போர் போட்டுப் புழுதியக் குடிக்கிறாய்ங்க.”

“ஒரு வாய் குடிச்சுப் பாரு மாப்ள, அப்புறம் பேசு” என்றான் வாடிப்பட்டிக்காரன்.

பேரையூர்க்காரன் சட்டையைக் கழற்றி என் மேல் எறிந்துவிட்டு ஓடினான். அவன் நீச்சலை அவன் ஊர்க் கிணற்றில் பார்த்திருக்கிறேன். மோட்டார் ரூம் மாடியிலிருந்து தலைகீழாகக் குதிப்பான். மணலில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தப் பக்கம் இழுப்பு இருக்கு. ரொம்பப் போக வேணாம்னு சொல்லுங்க.”

“அவன் கெணத்துலயே பொறந்தவன்ணே” என்றான் வாடிப்பட்டிக்காரன்.

நாங்கள் கரையிலேயே நின்றோம். அவன் அலைகளைத் தாண்டிப் போனான். தலை சிறுத்துக்கொண்டே வந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஒரு கையை நேராக உயர்த்தினான்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முங்கப் போகிறேன், எவ்வளவு நேரம் தம் பிடிக்கிறேன் பார் என்று அர்த்தம். மேலே நிற்பவன் விசிலடிக்க வேண்டும். உதவிக்காக எவனும் கை தூக்குவதில்லை. நாலு வீச்சு வீசினால் சுவர் வந்துவிடும், எதற்குத் தூக்க வேண்டும்?

நான் விரல்களை வாயில் வைத்து விசிலடித்தேன். வாடிப்பட்டிக்காரன் செல்போனில் வீடியோ எடுத்தபடி, “தம்மை விட்றாத மாப்ள” என்று கத்தினான். கை உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி விசிலடித்தேன்.

வலைக்காரர் எழுந்துவிட்டார்.

“கூறுகெட்ட பயலுகளா, அவன் சாகுறான்டா” என்று சொல்லிக்கொண்டே வள்ளத்தைப் பார்த்து ஓடினார். இன்னும் இரண்டு பேர் வந்து வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளினார்கள்.

என் விரல்கள் அப்போதும் வாயில்தான் இருந்தன. போர்வெல் வண்டியில் குழாய் சரிந்து ஒருவன் செத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. இங்கே ஒன்றும் தெரியவில்லை. கடலில் கையும் இல்லை, தலையும் இல்லை. வள்ளம் அலையில் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் குதித்து அவனை முடியைப் பிடித்துத் தூக்கினார். கரையில் போட்டபோது உதடு கறுத்திருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் தட்டினார்கள். தண்ணீராக வாந்தி எடுத்தான். பிறகு இருமினான். வாடிப்பட்டிக்காரன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

பேரையூர்க்காரனைக் காரில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கினால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வாசல் டீக்கடையில் அவன் வீடியோவைக் கேட்டான். வாடிப்பட்டிக்காரன் தயங்கினான். பேரையூர்க்காரன் கையை நீட்டியபடியே இருந்ததால் கொடுத்துவிட்டான். பேரையூர்க்காரன் முழுதும் பார்த்தான். அவன் கை தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தது. என் விசிலும் வாடிப்பட்டிக்காரனின் சிரிப்பும் பெரிதாகக் கேட்டன.

“நீ தம் பிடிக்கிறன்னுதான்டா நெனச்சோம்” என்றேன்.

“தெரியும். நான் கரையில நின்னிருந்தாலும் விசிலுதான் அடிச்சிருப்பேன்.” டீயை ஒரு மடக்குக் குடித்தான். “மொத விசில் கேட்டப்ப, தப்பா நெனச்சுட்டாய்ங்கன்னு புரிஞ்சுச்சு. ரெண்டாவதும் கேட்டுச்சு. சரி, இனி எதுக்குத் தூக்கிக்கிட்டுன்னு விட்டுட்டேன்.”

கோபமே இல்லாமல் சொன்னான்.

காரில் ஏறினோம். வாடிப்பட்டிக்காரன் சாவியை நுழைக்கப் பார்த்து இரண்டு தடவை கீழே போட்டான். எனக்கு ஓட்டத் தெரியாது. பேரையூர்க்காரன் கதவைத் திறந்து, “எறங்கு, பின்னால போ” என்றான்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். அவன் கேட்கவில்லை. மதுரை வரும்வரை அவனே ஓட்டினான். பக்கத்து சீட்டில் உட்கார எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. பின்னாலிருந்து அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தோம். காதோரம் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.