கதவுக்கு அடியில் போகும் தாள்கள்

என் டியூஷன் அறைக்கு வந்தால், உட்காருவதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிடுவார் குசனோ மிட்சுயோ. டிசம்பர் குளிரிலும் அப்படித்தான். "மீன் வாடை, டீச்சர். அப்புறம் வர்ற பிள்ளைங்க மூக்கைப் பிடிச்சுக்கும்" என்பார். உவாஜிமா துறைமுகத்துக்குப் பின்னால் மீன் வடை பொரிக்கும் தொழிற்கூடத்தில், விடிவதற்கு முன்பிருந்து நண்பகல்வரை மீன்தலை கிள்ளுவது அவர் வேலை. ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி. வலைத்தொப்பியின் எலாஸ்டிக் அழுத்திய கோடு நெற்றியில் அப்படியே இருக்கும்.

பிஸ்கட் பெட்டியை வெட்டிச் செய்த இரண்டு அட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைப்பார். ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி: நீளமாக ஒரு பத்தி, அதிலிருந்து ஐந்து கேள்விகள், கடைசியில் எண்பது சொல்லில் ஒரு கட்டுரை. நான் திருத்தி முடிக்கும்வரை பேசமாட்டார். சரியான விடைக்குச் சிவப்பு வட்டம் போடுவேன். "கொஞ்சம் பெரிசா போடுங்க" என்பது ஒன்றுதான் அவர் கேட்கும் சலுகை.

விடை எழுதுவது அவர் மகன் ரியோஹெய். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்ற மார்ச் மாதம் மாடி அறைக்குள் போனவன், வெளியே வரவில்லை. அம்மாவோடு பேசவும் இல்லை. நாலு மாதம் கழித்து, ஒரு நாள் கதவுக்கு அடியில் ஒரு தாள் நீண்டது. ஆங்கிலக் கேள்வித்தாள், ஓரத்தில் பென்சிலால் 'இது சரியா?' அந்த இரண்டு சொல்லைத் தூக்கிக்கொண்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், அன்றைக்கே என் டியூஷன் மையத்துக்கு வந்தார். "எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா அவன் கேட்டிருக்கான்ல, டீச்சர்."

அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலாக, வியாழன்தோறும் ஒரு தாள். திருத்தியது கதவுக்கு அடியில் உள்ளே போகும். புதியது வெளியே வரும்.

பையன் கெட்டிக்காரன். ஆனால் இந்தச் செப்டம்பரிலிருந்து விடைகள் சரியத் தொடங்கின. ஒருமை பன்மை குழம்பியது. பத்தியில் இல்லாததையெல்லாம் விடையாகக் குறித்திருந்தது. எனக்கு எரிச்சல். 'பின்னோக்கிப் போகிறாய். அக்கறை இல்லையென்றால் அனுப்பாதே' என்று ஒரு தாளின் மூலையில் சிவப்பில் எழுதிக் கொடுத்தேன். அம்மா படித்துப் பார்த்தார். வழக்கம்போல் அட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

போன வியாழக்கிழமைக் கட்டுரை: இளைஞர்கள் தனியாக வாழ்வது நல்லதா, இரண்டு காரணம் தருக. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'நல்லதல்ல. முதல் காரணம், அம்மா சமைக்கிறாள். இரண்டாம் காரணம், அம்மா கீழேதான் இருக்கிறாள்.'

பேனாவைக் கீழே வைத்தேன். "இதை யாரும்மா எழுதினது?"

"ஆகஸ்டுக்கு அப்புறம் ஒண்ணும் வெளிய வரல, டீச்சர். நானே ஒரு புத்தகம் வாங்கி, ஸ்கூல்ல படிச்சதை ஞாபகப்படுத்தி, அவன் கையெழுத்து மாதிரியே..."

"எதுக்கும்மா?"

"சிவப்பு மை உள்ள போய்க்கிட்டே இருக்கணும்ல. நின்னுபோச்சுன்னா, டீச்சரும் விட்டுட்டாங்கன்னு நெனப்பான்."

"அவன் எழுதினதில்லைன்னு அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன. அம்மாவோட இங்கிலீஷப் பாத்துச் சிரிப்பான். சிரிக்கட்டுமே."

"சிரிக்கிற சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல. சோத்துத் தட்டு காலியா வெளிய வருது. தாளு வரல."

அப்போதுதான் நான் எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. "நான் மூலையில எழுதினதை..."

"அந்த இடத்தை மட்டும் கத்தரியால வெட்டிட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றவர், எழுந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

திருத்த வேண்டியதைத் திருத்தினேன். பிறகு, "இனிமே உங்க பேரையே போட்டுக் கொண்டு வாங்கம்மா. உங்களுக்குன்னே திருத்தித் தர்றேன்" என்றேன்.

சரியென்று தலையசைத்தார். தாளின் தலைப்பில், பெயருக்கான கட்டத்தில் இருந்த மகன் பெயரை ரப்பரால் அழித்தார். துகள்களை மேசையில் விடாமல் உள்ளங்கையில் கூட்டியெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பென்சில் வெகுநேரம் கட்டத்துக்கு மேலேயே நின்றது. பிறகு, அதே இடத்தில், முன்பைவிட அழுத்தமாக, குசனோ ரியோஹெய் என்று எழுதினார்.