எல்லம்மா ஏற்றிவிட்ட பெட்டி

எங்கள் ஊர் சேக்காட்டில் எல்லம்மாவிடம் நல்ல பேர் வாங்கியவர் யாரும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி என்பதால் நானும் போதுமான அளவு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பால்காரன், கேஸ் சிலிண்டர் போடுகிறவன், மருமகள் சித்ரா, எல்லாருமே அவளுக்குத் திருட்டுக் கூட்டம்தான்.

வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம் என்று மகன் அஜித்குமார் சொன்னதும், ஓட்டை உடைசலை அள்ளிப்போக ஆள் தேடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். வந்தவனையெல்லாம் விரட்டினாள். பழைய தகரங்களுக்கு நடுவே பித்தளைச் சொம்பு ஒன்றை வேண்டுமென்றே போட்டுவைப்பாள். சத்தமில்லாமல் மூட்டையில் சேர்த்தவனுக்குத் துடைப்பம். காயலாங்கடை பாஸ்கரன் மட்டும், "இது நல்ல சொம்பாச்சே, எடுத்து வெச்சுக்கோம்மா" என்று திருப்பிக் கொடுத்தான். அவனையே பேசி முடித்தாள்.

உண்மையில் அவளுக்கு ஒழிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பரணில் இருந்த தகரப் பெட்டி. எல்லம்மா இரண்டாம் தாரம். மூத்தவள் பூவும் பொட்டுமாகச் செத்துப்போனதால், பூவாடைக்காரி என்று அந்த வீட்டுக்கே சாமியாகிவிட்டாள். பெட்டிக்குள் இருப்பது அவளுக்குப் படைத்த புடவை. வருஷா வருஷம் புதுப்புடவை வைத்துப் படைத்து, பழையதை வீட்டுச் சுமங்கலி கட்டிக்கொள்வாள். புருஷன் இருந்தவரை எல்லம்மா கட்டினாள், சக்களத்தி புடவையென்று பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் போனதும் அதுவும் போனது. படையலுக்கு ஆக்குவது எல்லம்மா, கற்பூரம் காட்டுவது சித்ரா. அவள் பெற்ற மகனே பெட்டி முன்னால் விழுந்து "அம்மா, தாயே" என்பான். எரியாதா? எனக்கே எரிந்தது.

மகனும் மருமகளும் வாடகை வீட்டுக்குச் சாமான் கொண்டுபோயிருந்தார்கள். பாஸ்கரன் உள்ளே உடைந்த கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தான். எல்லம்மா பெட்டியைத் தூக்கிவந்து, அவனுடைய குட்டியானை வண்டியில் பஞ்சு மெத்தைக்கு அடியில் செருகினாள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். "வாயத் தொறந்த, தெரியும் சேதி" என்றாள். நான் ஏன் திறக்கப்போகிறேன்?

சாயங்காலம் பெட்டிக்குக் கற்பூரம் காட்டி எடுத்துப்போகச் சித்ராவோடு வந்த அஜித்குமார், பரணைப் பார்த்து அலறினான். போனில் பாஸ்கரனைக் கிழித்தான்.

"திருட்டுப் பையா, எங்க ஊட்டு சாமியையே தூக்கிகினு போயிட்டியா?"

எல்லம்மா கேட்டும் கேளாதவளாகப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். பாவம், அந்த ஆளுக்கு அவள் செய்த அநியாயம் அது.

கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. பாஸ்கரன் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினான்.

"மெத்தைய பிரிக்கறப்போ அடியில கெடந்துச்சு. மஞ்சா குங்குமத்த பாத்ததுமே தெரிஞ்சிகினேன், எங்க ஊட்லயும் பூவாடைக்காரி கீறாங்க. திருடன்னு மட்டும் சொல்லாத நைனா. நான் பரண் மேல ஏறவே இல்ல, எல்லாத்தையும் உங்கம்மாதான் எறக்கிக் குடுத்தாங்கோ."

தெருவே எல்லம்மாவைப் பார்த்தது.

"ஆமாண்டா, நான்தான் போட்டேன்" என்றாள். "நாணயமான ஆளு வேணும்னு தேடிப் புடிச்சேன் பாரு, என் புத்திய செருப்பால அடிக்கணும்."

சித்ரா பெட்டியை வாங்கிக் கூடத்தில் வைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றினாள். "அத்தே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள், வழக்கம்போல.

எல்லம்மா தள்ளி நிற்கவில்லை. நேராக வந்து அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்தாள்.

"அவ சீக்கிரம் செத்தா, சாமியாயிட்டா. நான் உசுரோட இருந்து உங்களுக்கெல்லாம் ஆக்கிக் கொட்னேன், என்னைத் தள்ளி நிக்கச் சொல்ற. இம்மாம் வருசம் நான் அவளச் சொமந்தேன். இன்னிக்கு அவ என்னச் சொமக்கட்டும். எவன் எழுப்புறான்னு பாக்கறேன்."

சித்ராவின் கையில் கற்பூரம் எரிந்து அணைந்தது. யாரும் அவளை எழுப்பவில்லை.