சாய்கோட்டுக்குப் பின்னால் அக்கா

என் பெயரில் ஓர் இணையதளம் வைத்திருந்தேன். கண்டியைச் சுற்றி நான் எடுத்த படங்களைப் போடுவதற்கு. அதைப் பார்ப்பவனும் நான் ஒருவன்தான். அக்கா ஹந்தானை மலைச் சரிவில் கட்டிய வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடத் தொடங்கியபோது, அவளுக்கும் ஒரு தளம் செய்து, என் தளம் இருந்த இடத்திலேயே ஒரு போல்டருக்குள் நிறுவினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

போனில் திறந்து நீட்டினேன், அக்கா வாங்கினாள். படங்களைப் பார்க்கவில்லை, மேலே இருந்த முகவரியைப் பார்த்தாள். முதலில் என் பெயர், அடுத்து ஒரு சாய்கோடு, அதன் பிறகு அவள் வீட்டின் பெயர்.

"என்னா தம்பி, இங்கயும் நான் இன்னொருத்தர் பேருக்குப் பின்னாலதான் நிக்கணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் வளர்ந்த லயத்துக்கு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, தனி முகவரி கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கே யாருக்காவது நினைவு வந்தால் எங்களிடம் வரும். அக்காவை வேலைக்கான நேர்முகத்துக்கு அழைத்த கடிதம், நேர்முகம் முடிந்த பிறகுதான் வந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை.

அவள் வீட்டின் பெயரிலேயே தனி இணைய முகவரி, ஒரு டொமைன், வாங்கினேன். டவுனில் பயண ஏற்பாடு செய்யும் அலவத்துகொடக்காரர் ஒருவர், "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வெப்சைட்ட பாக்கிறன் தங்கச்சி, நல்லா இருந்தா ஆள் அனுப்புறன்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அதற்குள் பெயரைத் தளத்தோடு சேர்த்துவிட வேண்டும். சின்ன வேலைதானே என்று நினைத்தேன்.

டொமைன் எங்கே போக வேண்டும் என்று கேட்ட கட்டத்தில் சேர்வரின் எண்ணை எழுதி, சாய்கோடு போட்டு, போல்டரின் பெயரையும் எழுதினேன். தோட்டத்துப் பழக்கம். காம்பரா என்கிற அறையின் இலக்கம், லயம், டிவிஷன், தோட்டம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக எழுதாவிட்டால் எங்கள் கடிதம் வேறு யார் வீட்டுக்காவது போய்விடும். கட்டம் சிவந்தது. போல்டரை அழித்தேன், ஏற்றுக்கொண்டது. ஆனால் அக்காவின் பெயரைத் தட்டினால் பேராதனைப் பூங்காவில் நான் எடுத்த மூங்கில் படம் வந்து நின்றது. டொமைனை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் கட்டம் ஒன்றும் அங்கே இருந்தது.

மாற்றினேன். போனில் அக்கா வீடு, கணினியில் மூங்கில். மறுபடி மாற்றினேன். கணினியில் வீடு, போனில் ஒன்றுமே இல்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். தளத்துக்கு இடம் தந்த கம்பனியிடம் கேட்டேன். ஒவ்வொரு மாற்றமும் எல்லா இடத்துக்கும் போய்ச்சேர நேரமாகும், அதுவும் அந்த எண் வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும், எந்தப் போல்டரைத் திறப்பது என்பதை உள்ளே வேறு இடத்தில் சொல்ல வேண்டும் என்றார்கள். அப்படியானால் இவ்வளவு நேரமும் நான் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளி காலையில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் போல்டரைக் குறித்தேன். தளம் திறந்தது. ஓடிப்போய் அக்காவிடம் காட்டினேன். அவள் ஓர் அறையின் படத்தைத் தொட்டாள். மேலே முகவரி மாறி, என் பெயரும் சாய்கோடும் திரும்ப வந்தன.

"பாரு, மறுபடியும் நீ முன்னுக்கு வந்துட்ட" என்றாள். சிரித்துத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

தளத்துக்குள் அதன் பழைய முகவரியே பதிந்திருந்ததாம், கம்பனியில் சொன்னார்கள். அதை மாற்றினேன். பயத்தில் கண்ணில் பட்ட மற்ற இடங்களிலும் எதையெதையோ மாற்றினேன். எது வேலை செய்தது என்று இன்றுவரை தெரியாது. அக்கா ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, மேல் வரியை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். எங்கும் அவள் வீட்டின் பெயர்தான்.

மதியத்துக்குப் பிறகு அலவத்துகொடக்காரர் அழைத்தார். "பாத்தன் தங்கச்சி, நல்லா இருக்கு. அடுத்த கிழமை ரெண்டு பேர அனுப்புறன்."

நிம்மதியாக என் தளத்தைத் திறந்தேன். மூங்கிலைக் காணோம். அக்காவின் வாசல் படம் வந்தது, நான் தட்டிய என் பெயரும் மறைந்து அவள் வீட்டின் பெயரானது. குழப்பத்தில் என் டொமைனையும் அவளுடைய போல்டருக்கே அனுப்பியிருக்கிறேன்! பதறிப்போய்த் திருத்தக் கணினியை இழுத்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். பிறகு கணினியை மெதுவாக மூடினாள்.

"விடு தம்பி. கொஞ்ச நாளைக்கு நீ என் அட்ரஸ்ல இரு."